பேட்டரிப் பெட்டியில் வளர்ந்த கீரை

எங்கள் தெருவில் எனக்கு 'சொப்பு ஆன்ட்டி' என்று பெயர். சொப்பு என்றால் கன்னடத்தில் கீரை. மைசூர் விஜயநகரில் வீடு கட்டிக் குடிவந்தபோது நான் யாரோ ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அம்மாள், அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகி வடக்கே போன பிறகு மொட்டை மாடியில் கீரை போட ஆரம்பித்தேன். அதற்கப்புறம்தான் தெரு என்னைத் திரும்பிப் பார்த்தது. காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது கை நிறையக் கட்டுகள் இருக்கும். எதிர்வீடு, பக்கத்து வீடு, பூங்காவில் என்னோடு நடக்கிற பெண்கள் என்று எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். மருந்தடிக்காத கீரை, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்று ஒவ்வொரு கட்டோடும் ஒரு பிரசங்கமும் இலவசமாகப் போகும்.

கீரை வளர்த்த தொட்டிகளைப் பற்றி எனக்குத் தனிப் பெருமை. தெருக்கோடியில் இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்கிற கடை ஒன்று உண்டு. உயிர் போன பேட்டரிகளின் கறுப்புப் பெட்டிகள் வாசலில் அடுக்கிக் கிடக்கும். கடைக்காரரிடம் கேட்டேன். மேல்மூடியை ரம்பத்தால் அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, ஆட்டோவில் ஏற்றியும் விட்டார். கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் தொட்டி இரண்டு கோடைக்குத் தாங்காது, இதுவோ கல்லு மாதிரி நிற்கும். குப்பைக்குப் போக வேண்டியதை வாழவைத்தேன் என்று பூங்காவில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பிறகுதான் மண் போட்டேன். அந்தச் சோப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்குச் சிரிப்பு வருகிறது. நல்ல சிரிப்பு இல்லை.

இப்படி வருஷக்கணக்காக நடந்தது. அப்புறம்தான் என் தம்பிக்கு உடம்பு கெட்டது.

தம்பி எங்கள் பிறந்த ஊரிலேயே, ஹனூர் பக்கம், விவசாயம் பார்க்கிறான். மக்காச்சோளம், ராகி, கொஞ்சம் மஞ்சள். ரத்தக்கொதிப்பு இருந்திருக்கிறது, மாத்திரையை நினைத்தால் போடுவான், நினைக்காவிட்டால் இல்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, கொள்ளேகால் ஆஸ்பத்திரியிலிருந்து மைசூருக்கு அனுப்பினபோது இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தியிருந்தன. டயாலிசிஸ் தொடங்கினார்கள். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டிய ஆள் ஊருக்கும் மைசூருக்கும் அலைய முடியுமா? என் வீட்டிலேயே இரு என்றேன். அவனோடு அவன் மனைவியும் வந்தாள். பிள்ளைகளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவளை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. கை சும்மா இருக்காது அவளுக்கு. நான் எழுந்து வருவதற்குள் வாசல் கூட்டி, பாத்திரம் கழுவி, தம்பிக்கு அரை உப்பில் தனிச் சமையல் முடிந்திருக்கும். ஆனால் ஃபோனில் சீரியல் பார்க்கும்போது சத்தத்தைக் குறைக்க மாட்டாள். ஜன்னலை ஏன் சாத்துகிறாய் என்று கேட்டால் பதில் சொல்லாமல் திறப்பாள், நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி சாத்துவாள். உங்கள் ஊர்த் தண்ணீரும் உரமும்தான் தம்பியை இப்படி ஆக்கியது என்று நான் ஒருநாள் சொன்னபோது, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "எங்கூருத் தண்ணியக் குடிச்சுத்தானுங்க அண்ணி நீங்களும் வளந்தீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

டாக்டர் மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார். டாக்டர் என்றால் என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், கன்னடக்காரப் பெண், குரல் உயர்த்தாமல் பேசுவாள். யார் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். தம்பி மனைவி, "நான் தர்றனுங்க" என்றாள். அவளுக்கும் ரத்த வகை ஒத்துப்போனது. எனக்கும் ஒத்துப்போனது.

நான்தான் முந்திக்கொண்டேன். "இவள் சின்னப் பெண், பிள்ளைகள் இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அங்கே காடு முழுக்க மருந்தடிக்கிறாங்க டாக்டர். அதைத் தின்று தின்று ஓடுகிற உடம்பு. அதிலிருந்து எடுத்து அவனுக்கு வைத்து என்ன பிரயோஜனம்? நான் இத்தனை வருஷமா நானே வளர்த்ததைத்தான் சாப்பிடறேன்" என்று கன்னடத்தில் சொன்னேன். தம்பி மனைவிக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகவே வரும். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, சரி, முதலில் உங்களையே பரிசோதித்துப் பார்க்கலாம் என்றாள்.

செய்தி பரவியது. ஊரிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். கூடப்பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். பூங்காவில் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. நான் அடக்கமாகச் சிரித்து, "அவன் என் தம்பி, நான் செய்யாமல் யார் செய்வார்கள்?" என்றேன். உச்சி குளிர்ந்துபோயிருந்தது எனக்கு. அந்தக் கல்யாணத்தில் தம்பி மனைவி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது.

அந்த மாதங்களில் நான் சமையலுக்குள்ளும் புகுந்தேன். உணவு ஆலோசகர் கொடுத்த விதிகளில் கீரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதிகம் கூடாது, வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கீரையில் இருக்கிற பொட்டாசியம் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாது என்று. எனக்கு அது பிடிபடவில்லை. தண்ணீரைக் கொட்டினால் கீரையில் என்ன மிச்சம்? எங்கள் பக்கத்தில் பஸ்ஸாரு என்று வைப்பார்கள். கீரையும் பருப்பும் வெந்த தண்ணீரை வடித்து, அதிலேயே மிளகும் பூண்டும் அரைத்து விட்டுக் கொதிக்கவைக்கிற சாறு. வடித்த கீரையைத் தாளித்துப் பொரியலாக வைத்துக்கொள்ளலாம். ராகிக் களிக்கு அதைப்போல ஒன்று கிடையாது. தம்பிக்கு நாக்கு செத்துக் கிடந்தது. ஒருநாள் வைத்துக் கொடுத்தேன், தட்டை வழித்து நக்கினான். அப்புறம் அடிக்கடி வைத்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ், வீட்டில் யார் சமையல் என்று கோபமாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி, "நானுங்க" என்றாள். பத்துப் பேர் படுத்திருக்கிற அறையில் அவளுக்குத் திட்டு விழுந்தது. நான் ஒரு பக்கமாக நின்று, திட்டு நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இறங்கி வரும்போது லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தம்பிக்குச் சாறு கிடையாது, பொரியல் மட்டும் கொஞ்சமாக. சாறு முழுவதும் எனக்கு.

என் பரிசோதனை முடிவுகள் வந்த அன்று நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். எதற்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னாள். ஆள் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று நான் சிரித்தேன். மறுபடியும் அதேதான் வந்தது. என் சிறுநீரகங்கள் என் வயதுக்கு வேலை செய்ய வேண்டிய அளவில் செய்யவில்லை. சிறுநீரில் புரதம் போகிறது. ரத்தம் குறைவு. ரத்தக்கொதிப்பு வேறு எல்லையில் நிற்கிறது. இரண்டு வருஷமாகக் கட்டைவிரல் மூட்டு வலித்ததை வயசுக் கோளாறு என்று நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"நாட்டு மருந்து, பஸ்பம் ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றாள். இல்லை. "பெயின்ட், பேட்டரி மாதிரி வேலை நடக்கிற இடத்தில் இருந்தீங்களா?" நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் நாற்காலியைத் தவிர எங்கும் இருந்ததில்லை என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். என்னைப் போய் இப்படிக் கேட்கிறாளே! "நான் வெளிச் சாப்பாடே தொடமாட்டேன் டாக்டர். பாருங்கள், என் தோட்டத்தை" என்று ஃபோனை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். தோட்டத்தைப் படம் பிடித்து வைத்திருப்பேன், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

அவள் ஒன்றிரண்டு படங்களைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு ஒரு படத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். "கீரை அழகா இருக்கு. இந்தக் கறுப்புத் தொட்டி எல்லாம் என்ன?" என்றாள்.

"பேட்டரிப் பெட்டி" என்றேன். சொன்னபோதும் என் குரலில் பெருமைதான் இருந்தது.

அவள் ஃபோனை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். எத்தனை வருஷமாக என்று கேட்டாள். வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். அநேகமாகத் தினமும் என்றேன். அந்தப் பதிலைச் சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. பேட்டரிக்குள் இருப்பது ஈயம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். படித்தது வேறு, கீரை போட்டது வேறு என்று இரண்டையும் இரண்டு அறையில் பூட்டி வைத்திருந்திருக்கிறேன்.

ரத்தத்தில் ஈயம் இருந்தது, நிறையவே. சோதிக்கக் கொடுத்த மாடி மண்ணிலும் இருந்தது, கீரையிலும் இருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினாள். ஈயத்துக்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது. உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், வருஷக்கணக்கில் அங்கிருந்து கசியும். ரத்தத்தை வடிகட்டுகிற வேலை சிறுநீரகத்துடையது என்பதால் அதன் நுண்ணிய குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். பாதிக்கு மேல் கெடும்வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஈயம் மட்டுமில்லை, காட்மியம், பாதரசம் எல்லாமே இப்படித்தான் செய்யும், சாக்கடைத் தண்ணீரிலும் ஆலைக் கழிவிலும் விளைகிற காய்கறியிலும் வரும் என்றாள். இனி அந்தக் கீரையைத் தொடாமலிருந்தால் என் சிறுநீரகம் இருக்கிற நிலையிலேயே நிற்க வாய்ப்பு உண்டாம். ஆனால் ஒன்றை எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பது நடக்காத காரியம். "உங்களுக்கு இரண்டும் வேணும்மா" என்றாள்.

கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் முதலில் வந்ததா என்றால், இல்லை. கல்யாணத்தில் என்னைப் பாராட்டினவர்களிடம் என்ன சொல்வது என்பதுதான் முதலில் வந்தது. தம்பி உயிருக்குப் போராடுகிறான், எனக்கு அந்தக் கவலை. இப்படியும் ஒரு மனசு இருக்குமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

தம்பிக்கு நான் சொல்லவில்லை, டாக்டர்தான் சொன்னாள். அவன் ரத்தத்தையும் பார்த்தார்கள். சில மாதமே சாப்பிட்டிருந்தாலும், கழித்து வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாத உடம்பு, ஈயம் ஏறியிருந்தது. அவனுடைய வியாதிக்கு அது காரணமில்லை, ஆனால் நல்லதும் செய்யவில்லை என்றாள் டாக்டர். அவன் என்னைத் தேற்றினான். "விடு அக்கா. நீயென்ன வேணும்னா செஞ்சே" என்றான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தெருவுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கட்டுக் கட்டாகக் கொடுத்த வீடுகளுக்கு வெறுங்கையோடு போய், நான் கொடுத்த கீரையில் ஈயம் இருக்கிறது, எல்லாரும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இரும்புச் சத்து வேண்டும் என்று அவளுக்கு நான் நாள்தவறாமல் கொடுத்திருந்தேன். பயப்படுகிற அளவில் இல்லை என்று அவளுக்கு முடிவு வந்தது, குழந்தையும் நன்றாகப் பிறந்தது. ஆனால் அவள் அம்மா அதற்கப்புறம் என்னோடு நடக்க வருவதில்லை. அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

மாடியைக் காலி செய்ய முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு போனேன். செடிகளைப் பிடுங்கி, மண்ணைச் சாக்கில் கட்டினேன். தம்பி மனைவி உதவிக்கு வந்தபோது கத்திவிட்டேன், மேலே ஏறாதே, தூசிகூட உன்மேல் படக்கூடாது என்று. அந்த மண்ணை எங்கே போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டேன் என்றார், அவர் சொன்னது சரி. எங்கே கொட்டினாலும் அங்கே எதுவோ முளைக்கும். சாக்குகள் தார்ப்பாய்க்கு அடியில் மாடியிலேயே கிடக்கின்றன.

அவள் மேல் தூசிகூடப் படக்கூடாது என்று நான் பதறியதற்குக் காரணம் பாசம் இல்லை. இப்போது தம்பிக்கு அவள் ஒருத்திதான் மிச்சம். பிள்ளைகள் சின்னவர்கள், அப்பா அம்மா இல்லை, சித்தப்பா பெரியப்பா மக்கள் ஃபோனோடு நின்றுவிட்டார்கள். அவளும் இத்தனை மாதம் இதே வீட்டில், இதே அடுப்பில், இதே தோட்டத்துக் கீரையில் இருந்தவள். சிறுநீரகத்தை எடுப்பதற்கு முன்னால் அவள் ரத்தத்திலும் ஈயம் பார்க்க வேண்டும், கூடுதலாக இருந்தால் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றாள் டாக்டர். தம்பிக்குத் தள்ளிப்போட நாள் இல்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்தால் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவான்.

முடிவு வரும்வரை நான் சாமி கும்பிட்ட மாதிரி வேறு எப்போதும் கும்பிட்டதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய் ரங்கநாதர் முன்னால் நின்று, என் தம்பியை நானே கொன்றவளாக ஆக்கிவிடாதே என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டேன், அது என் தலைவிதி. அவளுடையதையும் நான் கெடுத்திருந்தால்? அவள் உடம்பை மருந்தடித்த உடம்பு என்று சொன்ன அதே வாயால்தான் இப்போது அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

முடிவு சொல்ல டாக்டர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டாள். நல்ல சேதி என்று ஆரம்பித்தாள். தம்பி மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ரத்தத்தில் ஈயம் சொல்லும்படி ஒன்றுமில்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

டாக்டர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே வீடு, ஒரே சமையல். இவங்க இரண்டு பேருக்கும் ஏறியிருக்கு, உங்களுக்கு ஏறலையே?" என்று அவளைக் கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குக் கீரை புடிக்காதுங்க டாக்டர். தின்னமாட்டன்" என்றாள்.

தம்பி சிரித்தான். நல்ல சேதி கேட்ட சந்தோஷத்தில் வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. "என்ன புள்ள இப்புடிப் புளுவறே! கீரைன்னா உனக்கு உசுராச்சே. ஊருல தட்டு நெறையாப் போட்டுத் திம்பியே" என்றான்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

என் வீட்டில் சாப்பாடு இப்படித்தான் நடக்கும். தம்பியும் நானும் மேஜையில் உட்காருவோம். அவள் பரிமாறுவாள். நீயும் உட்காரேன் என்று வந்த புதிதில் சொன்னேனோ என்னவோ, "நீங்க உண்ணுங்க அண்ணி, நான் பொறவு உண்டுக்கறன்" என்றாள். எங்கள் பக்கத்தில் வீட்டு மருமகள்கள் அப்படித்தான், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீரையை மட்டும் நானே பறித்து, நானே சமைப்பேன். கீரை மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் கெட்டுவிடும் என்று இரண்டு பேருக்கு அளவாகச் சின்னச் சட்டியில் வைப்பேன். இரண்டு பேருக்கு. வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மீதிக் கட்டுகள் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும். நாங்கள் எழுந்த பிறகு அவள் சமையலறையில் கீழே உட்கார்ந்து சோறும் மோரும் ஊறுகாயும் சாப்பிடுவாள். ஒருதடவை அதைப் பார்த்துவிட்டு, வெறும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அவளையே கடிந்திருக்கிறேன். அன்றைக்கும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கேட்டிருக்கலாமே என்று யாராவது சொல்லலாம். அவள் கேட்கிற ஆள் இல்லை. கேட்கவைத்தால்தான் கொடுப்பேன் என்று இருந்தால் நான் என்ன மனுஷி?

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ரங்கநாதரிடம் நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எப்படிக் கிடைத்தது? அவளுக்கு நான் ஒரு கரண்டி கீரை வைக்காததால் கிடைத்தது. கொஞ்சம் நல்லவளாக இருந்திருந்தால் என் தம்பி செத்திருப்பான். இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் தேறவில்லை.

"அவளுக்குப் பிடிக்கும் டாக்டர்" என்றேன். "நான்தான் அவளுக்கு வைக்கவில்லை."

தம்பி, "அதெல்லாம் இல்லீங்க, எங்கக்கா தங்கமுங்க" என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான், நிறுத்திக்கொண்டான். அதுவரை அவனுக்கும் தோன்றியிருக்கவில்லை போலும். அவனும் அதே மேஜையில்தானே உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்து, "ஆபரேசன் எப்பங்க?" என்று கேட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, "நான் செய்தது தப்பு" என்றேன். "எது அண்ணி?" என்றாள். எதைச் சொல்வது? டாக்டர் முன்னால் அவள் உடம்பைப் பற்றிச் சொன்னதையா, லிஃப்டில் வாய் மூடி நின்றதையா, சட்டியையா? "அதையெல்லாம் இப்ப எதுக்கு? அவருக்கு நல்லாவட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. அன்று இரவிலிருந்து மூன்று தட்டு வைத்தேன். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள், ஆனால் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊரிலிருந்து வந்தவர்கள் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, இத்தனை மாதம் இரண்டு பேரையும் உன் வீட்டில் வைத்துச் சோறு போட்டாயே, அந்தப் புண்ணியம்தான் அவனைக் காப்பாற்றியது என்றார்கள். அந்த வார்த்தை ஒவ்வொன்றும் செருப்படிபோல இருந்தது. மறுத்தால் இன்னும் புகழ்வார்கள், முழுதும் சொன்னால் அங்கே நின்று கேட்க அவர்களுக்கும் தெம்பு இருக்காது. அவளிடம் போய் இதைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

தம்பிக்குச் சிறுநீர் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். அவனைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. அவளைப் பொது அறைக்கு மாற்றியிருந்தார்கள். நான் ஃபிளாஸ்க்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வலியில் முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. நான் வந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பாள் என நினைத்து, நன்றாக இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க உண்டீங்களா அண்ணி?" என்றாள்.

அத்தனை மாதம் அவள் என் வீட்டில் இருந்தாள். அந்தக் கேள்வியை ஒருநாள்கூட நான் அவளிடம் கேட்டதில்லை.